அத்வைத் கேட்ட இரண்டு டிஸ்க்

மஸ்கட்
20 ஆகஸ்ட் 2008

அன்புள்ள சாரு,

வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்கிறேன். சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், ஆச்சு என்று நீ சொல்கிறாய். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுகிறோம். எழுதினாலாவது நாலு வார்த்தை வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஆலையில் பம்ப் பிரிவில் இருக்கும் ஜானகிராமன் லீவில் செங்கல்பட்டு வருகிறார். அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். நம் அத்வைத்தின் கம்ப்யூட்டர் பெட்டிக்காக வாங்கியது. கீழே போடாமல் வாங்கி வை.

உனக்கு ஞாபகம் இருக்கும். போன வருஷம் மே மாதம் போனில் கேட்டான். "அப்பா, சர்வர்ல துளிக்கூட இடம் இல்லை. ரெண்டு டிஸ்க் வாங்கி அனுப்புங்கோ." அன்று ஆலையில் ஒரு குழாய் வெடித்து மேலதிகாரியிடம் நான் திட்டு வாங்கியிருந்தேன். "எல்லாத்தையும் சேத்து வெச்சுண்டா எங்கேடா இடம் இருக்கும், வேண்டாததை அழி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜூன் பதினேழாம் தேதி போய்விட்டான். இருபது வயதில் அவன் என்னிடம் கடைசியாகக் கேட்ட பொருள் இது.

அவன் முன்பு சொன்னதை வைத்து ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது மூன்று டிஸ்க் இருக்கிறது. நான் ஹேண்டிகேமில் எடுத்த படங்களையும் மற்றதையும் மூன்றிலும் பிரித்துப் பிரித்து எழுதும்படி அமைத்திருக்கிறான். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டை வைத்து மீட்டுவிடலாம். புதிதாக இரண்டைச் சேர்த்தால், உள்ளதையெல்லாம் எடுத்து ஐந்திலும் பரப்பி மறுபடி எழுத வேண்டும். இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளும் பெட்டியை நிறுத்தவே கூடாது. கேளம்பாக்கம் ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் மணியைக் கூப்பிடு. அத்வைத் அவரிடம்தான் சாமான் வாங்குவான்.

இதை மட்டும் செய்துவிடு சாரு.

சுப்புராமன்


கேளம்பாக்கம்
4 செப்டம்பர் 2008

அன்புள்ள உங்களுக்கு, சாரு எழுதுவது.

பொட்டலம் பத்திரமாக வந்தது. பேரீச்சம்பழமும் வந்தது. நீங்கள்தான் வரவில்லை.

ஜானகிராமன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பாவம். ஆலையில் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு உண்டு என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். நீங்கள் வருஷாப்திகத்துக்கு வந்து நான்கே நாளில் ஓடியதை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் ஹாலிலேயே பாயை விரித்துப் படுத்தீர்கள். அவன் அறைக் கதவை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

நான் தினம் அந்த அறையில்தான் உட்கார்ந்து ஸ்கூல் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன். மேஜைக்கு அடியில் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு தடவை பழைய பல் பிரஷ்ஷால் அது காற்று இழுக்கும் மூக்கில் இருக்கும் தூசியைத் தட்டுகிறேன். இப்போது தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. நின்றுவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன், மறுபடி ஓடினால்தான் திறக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவன் போனதிலிருந்து அதில் புதிதாக ஒன்றையும் ஏற்றவில்லை. ஏற்ற விடவும் மாட்டேன்.

மணியைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னாத்துக்கு மேடம் ரிஸ்க்கு? உள்ள கீறதைத் தொடவே வேணாம். இந்த ரெண்டு புது டிஸ்க்ல அப்டியே ஒரு காப்பி எடுத்துத் தரேன். பீரோல வெச்சி பூட்டிக்கினு நிம்மதியா இருங்க." எனக்கு அது நியாயமாகப் பட்டது. நீங்கள் எடுத்த கேசட்டுகளில் பூஞ்சை பிடித்து அவன் தூக்கிப் போட்டுவிட்டான் என்று உங்களுக்கும் தெரியும். உள்ளே இருப்பது போனால் அவனுடைய ஏழு வயதும் பத்து வயதும் நமக்கு இல்லை.

இடம் வேண்டும் என்று கேட்டவன் இல்லை. யார் எதை வைக்கப் போகிறோம்? அவசியம் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் தீபாவளிக்கு நீங்களே வந்து உங்கள் கையால் செய்யுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

சாரு


மஸ்கட்
15 செப்டம்பர் 2008

அன்புள்ள சாரு,

லீவு உண்டு. கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உனக்குத் தெரியும், அதை ஏன் ஜானகிராமன் தலையில் வைத்து இடிக்கிறாய்? என்னால் அந்த அறைக்குள் போக முடியாது. நீ உட்கார்ந்து பேப்பர் திருத்துகிறாய். உன் மனசு கெட்டி. என் மனசு அப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மணி சொல்வது புத்திசாலித்தனமாக இருக்கலாம். ஆனால் அவன் என்னிடம் காப்பி கேட்கவில்லை, இடம் கேட்டான். பெட்டியைத் திறந்தால் இவ்வளவு இடம் காலி என்று காட்ட வேண்டும். அவன் கேட்டது அதுதான். யார் எதை வைப்பார்கள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. பதினைந்து மாதமாக நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த ஒரு வார்த்தைதான், 'அழி' என்று நான் சொன்னது. பெற்ற பிள்ளை கேட்டதைச் செய்தேன் என்று ஒரு நாளாவது படுக்க வேண்டும்.

உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள். நான் உன்னை இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை. மணியிடம் சொல்லி நல்ல பேட்டரி ஒன்று வாடகைக்கு எடுத்து வைத்துக்கொள். கரண்ட் போனாலும் பெட்டி நிற்கக் கூடாது. வேறு எதைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

சுப்புராமன்


கேளம்பாக்கம்
11 அக்டோபர் 2008

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று போனில் "வேலை முடிந்ததா" என்றீர்கள். "நடக்கிறது" என்றேன். பொய். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மணி வந்தார். பேட்டரியைத் தானே ஆட்டோவில் தூக்கி வந்து மாடி ஏற்றினார். பெட்டியைத் திறந்து டிஸ்க் இரண்டையும் பூட்டினார். வேலையை ஆரம்பித்துவிட்டு, "பொறுமையாத்தான் போவும் மேடம். நூத்துக்கு எவ்ளோ முடிஞ்சிகீதுன்னு இந்த மூலைல காட்டிகினே இருக்கும். வியாழக்கெழமை வரிக்கும் கை வைக்காதீங்க" என்றார். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை கரண்ட் போயிற்று. பேட்டரி தாங்கியது. ராத்திரி படுக்கப் போகுமுன் பார்த்தேன், முப்பத்தொன்பது என்று காட்டியது.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை.

அவன் ஒவ்வொரு வருஷமும் என்ன செய்வான் என்று நீங்கள் பார்த்ததில்லை, நீங்கள் அங்கே இருந்தீர்கள். விடியற்காலையில் குளித்துவிட்டு முதல் வேலையாகப் பெட்டியை அணைப்பான். "அம்மா, இன்னிக்கு அதுக்கும் லீவு, எனக்கும் லீவு. புஸ்தகத்தைத் தொட்டா சரஸ்வதி கோச்சுப்பா" என்று சிரிப்பான். நான் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முழம் கதம்பம் சாத்துவேன். மறுநாள் புனர்பூஜை ஆன பிறகுதான் போடுவான். போன வருஷம் தீட்டு, பூஜை இல்லை. இந்த வருஷம் அவனுடைய புத்தகங்களையெல்லாம் அடுக்கினேன். கால்குலேட்டரை வைத்தேன். தையல் மிஷின், அரிவாள்மணை, மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். அவன் அறைக்குள் போனேன். சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தேன். பேட்டரி ஒயரையும் பிடுங்கினேன், அது கூவியது என்பதால். பெட்டியைத் துடைத்தேன், பொட்டு வைத்தேன், பூ வைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு உங்கள் கடிதமோ மணி சொன்னதோ எதுவும் நினைவில் இல்லை. பூஜையன்று அதை அணைக்க வேண்டும் என்பதுதான் தெரிந்தது. சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அவன் அறைக்கு ஓடினேன்.

உடனே போடவும் பயம். பூஜையில் வைத்ததை எடுக்கவும் மனசு வரவில்லை. மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டுப் போட்டேன். விளக்கு எரிந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. மணி ஓடி வந்தார். பொட்டையும் பூவையும் பார்த்தார். "இன்னா மேடம் இப்டி பண்ட்டீங்க. வூடு மாத்த சொல்லோ பாதி சாமான் வண்டில, பாதி சாமான் தெருவுல நிக்கற மாரி நிக்குது. எது எங்க கீதுன்னு அதுக்கே தெரியல." ஆனால் திட்டவில்லை. பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கடைக்குக் கொண்டுபோனார்.

வருமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது மேடம்" என்றார்.

அறையில் சத்தமே இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

சாரு


மஸ்கட்
20 அக்டோபர் 2008

சாரு,

வாங்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். வாங்கிக்கொள்.

ஒரே ஒரு காரியம் சொன்னேன். அணைக்காதே என்று. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிற உனக்கு இந்த ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லையா? பொட்டு வைக்காவிட்டால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்? இனிமேல் நம் வீட்டில் கோபித்துக்கொண்டு எதை எடுத்துக்கொண்டு போக இருக்கிறது?

அன்றைக்கும் நீதான் வீட்டில் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போகிறேன் என்று அவன் கேட்டபோது பைக் சாவியை எடுத்துக் கொடுத்தது நீ. நான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, காரியம் நடந்த பதிமூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். இரண்டு தடவையும் உன் கையில்தான் இருந்தான்.

சுப்புராமன்


கேளம்பாக்கம்
5 நவம்பர் 2008

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. முதல் நாள் ஒரு பதில் எழுதிக் கிழித்தேன். இரண்டாம் நாளும் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

முதலில் பெட்டி. மணி இருபத்தைந்து நாள் போராடினார். மெட்ராஸில் தனக்குத் தெரிந்த ஒருவரிடமும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எந்த இடத்தில் வேலை நின்றது என்பதைப் பெட்டி தனக்குள் குறித்து வைத்திருந்ததாம். அங்கிருந்தே தொடரவைத்தார்கள். போன திங்கட்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். நீங்கள் எடுத்த படங்களில் இரண்டு திறக்கவில்லை. பூணூல் படம் பாதியில் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. மற்றதெல்லாம் இருக்கிறது. ஐந்து டிஸ்க் சேர்ந்துவிட்டது, சரிபாதிக்கு மேல் காலி. நீங்கள் கேட்டது ஆயிற்று.

இனி சாவி.

நான்தான் கொடுத்தேன். ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. சமையலறை ஆணியில் அது தொங்கின இடத்தை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் அவன் ஏன் மகாபலிபுரம் போனான் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று நானும் பயந்துகொண்டிருந்தேன்.

மே மாதம் நீங்கள் போனை வைத்த மறுநாள் முழுக்க அவன் அந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். பெட்டியில் இருந்ததில் பாதி நீங்கள் எடுத்தது. மீதி அவனுடையது. அதில் சிநேகிதர்களோடு சேர்ந்து கடற்கரைக் கோயில் பக்கம் ஆறு வாரம் எடுத்த ஒரு சின்னப் படம் இருந்தது. காலேஜ் விழாவில் போட வேண்டியது. அவனே நடித்து அவனே குரல் கொடுத்தது. எனக்கு ஒரு தடவை காட்டினான், நன்றாக இருந்தது. அன்றைக்கு அதை அழித்தான். "ஏண்டா உன்னோடதைப் போய் அழிக்கறே" என்றேன். "அப்பா எடுத்ததை மறுபடி எடுக்க முடியாதும்மா. அதுல நான் குட்டியா இருக்கேன். இதை இன்னொரு தரம் எடுத்துக்கலாம்" என்றான்.

அதை மறுபடி எடுக்கத்தான் ஜூன் பதினேழாம் தேதி கிளம்பினான். சாவி கேட்டான், கொடுத்தேன்.

இன்னும் ஒன்று. அவன் போன பிறகு மணியிடம் போய் நின்றேன். அழித்ததை எடுக்க முடியுமா என்று கேட்டேன். "அழிச்சா உடனே போவாது மேடம். அதும்மேல வேற ஒண்ணும் எழுதாத வரிக்கும் அடில கீது. பெரிய எடத்துல குடுத்தா கெடைச்சாலும் கெடைக்கும்" என்றார். அதனால்தான் பதினாறு மாதம் அதில் எதையும் ஏற்ற விடாமல் காவல் காத்தேன். காலேஜில் அவன் எப்படி நடந்தான், எப்படிப் பேசினான் என்று பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி அது. நீங்கள் எடுத்ததிலெல்லாம் அவன் குழந்தை. டிஸ்க் சேர்த்தால் எல்லாவற்றையும் புரட்டி மறுபடி எழுதும், அடியில் இருப்பது போய்விடும் என்று தெரிந்துதான் சம்மதித்தேன். தூங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக.

உங்களைப் புண்படுத்த இதை எழுதவில்லை என்று போட நினைத்தேன். அது பொய்யாகிவிடும். சாவியைப் பற்றிப் படித்தபோது, இவருக்கும் வலிக்கட்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். இப்போது அந்த வேகம் இல்லை. நீங்கள் அழி என்றீர்கள், நான் சாவி கொடுத்தேன். வீட்டுக்கு வீடு அப்பாவும் அம்மாவும் தினமும் இதைத்தான் சொல்கிறார்கள், செய்கிறார்கள். பிள்ளைகள் சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறார்கள். நம் பிள்ளை வரவில்லை.

இனி எனக்கு எந்தப் பொட்டலமும் வேண்டாம். வருவதானால் வாருங்கள். வராவிட்டால் அதையும் எழுதிவிடுங்கள், நான் இனி வெள்ளிக்கிழமைப் போனுக்குக் காத்திருக்க மாட்டேன்.

சாரு


மஸ்கட்
17 நவம்பர் 2008

அன்புள்ள சாரு,

உன் கடிதத்தை ஆலை வாசலில் நின்று பிரித்தேன். அங்கேயே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜானகிராமன் வந்து அறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

நீ அதைச் சொல்லாமல் பதினேழு மாதம் வைத்திருந்தாய். நான் சாவியைப் பதினேழு மாதம் வைத்திருந்துவிட்டு உன் மேல் வீசினேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன். கடிதத்தில் கேட்டால் போதாது என்றும் தெரிகிறது.

உன் மனசு கெட்டி என்று எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவன் அழித்த படத்தை நீ ஒரு தடவை பார்த்திருக்கிறாய். அதில் என்ன வேஷம் போட்டான், என்ன பேசினான் என்று எனக்குச் சொல்வாயா? எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வாயா?

ராஜினாமா கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் இருக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். டிசம்பர் நான்காம் தேதி வியாழக்கிழமை காலை மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். ஸ்கூலுக்கு லீவு போட்டு நீ வர வேண்டாம். விமான நிலையத்தில் எல்லார் முன்னாலும் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ் பிடித்து வருகிறேன். கதவு பூட்டியிருந்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். நீ திறந்தால் உள்ளே வருகிறேன்.

சுப்புராமன்


கேளம்பாக்கம்
4 டிசம்பர் 2008, காலை

அன்புள்ள உங்களுக்கு,

மாடிப்படியில் உட்கார வேண்டாம். போன வாரம் கொட்டிய மழையில் படியெல்லாம் பாசி. எதிர்வீட்டு லோகநாயகி மாமியிடம் சாவி கொடுத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொடுப்பார். உங்களைப் பார்த்ததும் அழுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரையாண்டுப் பரீட்சை நெருங்குகிறது, லீவு கிடைக்கவில்லை. நாலரைக்கு வந்துவிடுவேன். குக்கரில் சாதம், அடுப்பு மேல் வற்றல் குழம்பு, ஃப்ரிட்ஜில் மோர். குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள். வெந்நீர் போட்டுக்கொள்ளுங்கள், தலையில் பச்சைத்தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

அந்தப் படத்தில் அவனுக்குக் கலங்கரை விளக்குக் காவல்காரன் வேஷம். உங்கள் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு நடித்தான். மீதியைச் சாயங்காலம் சொல்கிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

அவன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஹாலுக்கே கேட்கும், பயப்படாதீர்கள். நான் வரும்வரை நீங்கள் தனியாக உள்ளே போக வேண்டாம். ஹாலிலேயே உட்கார்ந்திருங்கள். நான் வந்ததும் இரண்டு பேருமாகப் போகலாம்.

சாரு